கலப்பு வண்டியும் தூரக் கணிப்பும்

மின்சாரத்தாலும் பெட்ரோலாலும் ஓடும் வண்டிகளுள் ஒருவகை, வீட்டு மின்னிணைப்பிற் செருகி மின்னேற்றிக் கொள்ளத்தக்கது. அதனைப் பிளக்-இன் ஹைபிரிட் என்பர். யாம் இக்கட்டுரையில் அதனைக் 'கலப்பு வண்டி' எனச் சுருக்கி வழங்குவோம். மின்கலத்தில் மின் உள்ளவரையில் இவ்வண்டி பெரும்பாலும் பெட்ரோலின்றி ஓடும்; மின் தீர்ந்தவிடத்து எஞ்சின் இயங்கத் தொடங்கும். ஓட்டுபவர் காலையில் வண்டியுள் அமர்ந்தவுடன் அவர் கண்ணெதிரே ஓர் எண் தோன்றும். மின்சாரத்தால் இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கூறும் அவ்வெண் எத்துணை நம்பத்தக்கது என்பதை ஆராய்வதே எம் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இயந்திர ஆராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் வினவக்கூடும். ஒரு கூற்றை நம்பலாமோ என்பது நம் முன்னோர் நெடுங்காலம் ஆராய்ந்த வினாவேயாகும். ஒன்றை அறிதற்குரிய வழிகளை அவர்கள் அளவை என்றனர். அவற்றுள் தலையாயவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்று. நேரே காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கோர் சொல்லை ஏற்பது உரை. மின் தூரத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எண்களும் இம்மூவகையினவே. அவற்றுள் உரையை முதற்கண் நோக்குவாம்.

வண்டி விற்பனைக்கு வருமுன் ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் ஓட்டப்பெற்று, அதன் மின் தூரம் அளக்கப்பெறுகின்றது. அவ்வளவே விளம்பரத்திலும் சான்றிதழிலும் இடம்பெறும். ஆனால் ஆய்வுமுறை நாட்டுக்கு நாடு வேறுபடும். மிட்சுபிஷி நிறுவனத்தார் 2013ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த அவுட்லேண்டர் என்னும் கலப்பு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மின்கலம் 12 யூனிட் கொள்வது. ஜப்பானிய ஆய்வுமுறைப்படி அதன் மின் தூரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஐரோப்பாவில் அந்நாளில் வழங்கிய முறைப்படி 52 கிலோமீட்டர். பின்னர் அமெரிக்காவிற்குச் சென்ற 2018ஆம் ஆண்டு வண்டியும் 12 யூனிட் மின்கலமே உடையது. அதற்கு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பினர் அளித்த எண்ணோ 22 மைல், அதாவது ஏறத்தாழ 35 கிலோமீட்டர்.

இவற்றுள் பொய் கூறியவர் யார்? ஒருவருமிலர். பழைய ஐரோப்பிய முறையில் வண்டியின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டரே, வெப்பநிலையும் இதமானது. அமெரிக்கரோ ஆய்வுக்கூடத்திற் கண்ட அளவில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கைப் பொதுவாகக் கழித்தே வெளியிடுவர். மெய்யான சாலையின் வேகத்திற்கும் குளிரூட்டிக்கும் குளிருக்கும் இடம் விடுவதே அதன் கருத்து. ஐரோப்பாவிலும் 2017ஆம் ஆண்டு முதல் வேகம் மிகுந்த புதிய முறை நடைமுறைக்கு வந்தது. ஆகவே, எம்முறையில் அளந்தது என்று கூறாத தூரம், எந்தப் படியால் அளந்தது என்று கூறாத நெல்லைப் போன்றது.

இனிக் கருதலைக் காண்போம். வண்டியின் காட்டி தரும் எண் இவ்வகையது. பெட்ரோல் தொட்டியில் மிதவை ஒன்று மிதந்து எண்ணெயின் மட்டத்தைக் காட்டும். மின்கலத்துள் அவ்வாறு மிதக்கவிட யாதுமில்லை. உட்சென்ற மின்னையும் வெளிவந்த மின்னையும் கணக்கிட்டும், மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் நோக்கியுமே எஞ்சிய இருப்பு உய்த்துணரப்பெறுகின்றது. பின்னர், அண்மையில் ஓடிய ஓட்டத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைத்தது என்று பார்த்து, அவ்விகிதத்தால் இருப்பைப் பெருக்குகின்றனர். இருப்பும் கருதல், விகிதமும் கருதல். ஆங்கில நாட்டு ஓட்டுநர் இக்காட்டியை 'ஊகமானி' என்னும் பொருள்படும் பெயரிட்டு நகையாடுவது காரணம்பற்றியே.

ஒரு கணக்கு இதனை விளக்கும். பயன்படுத்தத்தக்க மின் 10 யூனிட் எனவும், யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் ஓடும் எனவும் கொள்வோம். காட்டி 50 என்று காட்டும். மறுநாள் கடுங்குளிர். ஓட்டுபவர் மணிக்கு 4 யூனிட் உண்ணும் சூடேற்றியை இயக்கி, 40 கிலோமீட்டர் வேகத்திற் செல்கின்றார். ஓட்டத்திற்கு மணிக்கு 8 யூனிட், சூட்டிற்கு 4 யூனிட், ஆக 12 யூனிட் செலவாம். இருப்பு 50 நிமிடத்தில் தீரும். சென்ற தூரம் 33 கிலோமீட்டரே. மலையேற்றமும் இத்தகையதே. 1,800 கிலோகிராம் எடையுள்ள வண்டி 300 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டும் ஏறத்தாழ ஒன்றரை யூனிட் வேண்டும். அஃது ஏழு கிலோமீட்டர் ஓட்டத்திற்கு ஈடு. வேகம் இருமடங்காயின் காற்றின் தடை நான்மடங்காகும். நாளை ஏறப்போகும் மலையையும் வீசப்போகும் காற்றையும் நேற்றைய ஓட்டம் எங்ஙனம் அறியும்?

இலக்கணம் பயில்வார்க்கு இதனை வேறொரு வகையாற் கூறலாம். '50 கிலோமீட்டர் ஓடும்' என்னும் தொடரில் 'ஓடும்' என்பது எதிர்கால முற்று. அதற்குமுன் 'நேற்றுப்போல் ஓட்டின்' என்னும் வினையெச்சம் தொக்கு நிற்கின்றது. எச்சத்தை மறந்து முற்றை மட்டும் படிப்பவரே பின்னர் ஏமாற்றம் அடைகின்றனர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 2010ஆம் ஆண்டில் வோல்ட் என்னும் வண்டியை வெளியிட்டபோது, அதன் மின் தூரம் நிலத்திற்கும் வெப்பநிலைக்கும் ஓட்டும் முறைக்கும் ஏற்ப 25 முதல் 50 மைல் வரை என்றனர். அரசின் சான்றோ 35 மைல் என்று ஓரெண்ணே கூறிற்று. ஓரெண்ணினும் ஈரெண்ணே உண்மைக்கு அணித்தாக நின்றது என்பது எம் துணிபு.

அற்றேல், இக்குறை முழு மின் வண்டிக்கும் உண்டன்றோ எனின், உண்டு. ஆயினும் கலப்பு வண்டிக்கே சிறப்பாக உரியன இரண்டு. ஒன்று, மின்கலம் சிறிதாதல். குளிர்ந்த வண்டியின் உள்ளறையைச் சூடாக்க 2 யூனிட் செலவாயின், 70 யூனிட் உடையவனுக்கு அது சில்லறை. 10 யூனிட் உடையவனுக்கோ ஐந்தில் ஒரு பங்கு. அன்றியும் முற்கூறிய வோல்ட் முதலிய சில வண்டிகளில், மின்கலம் நிறைந்திருப்பினும், கடுங்குளிரில் வெப்பத்தின்பொருட்டு எஞ்சின் தானே இயங்கத் தொடங்கும். அப்போது காட்டியின் எண் மெய்யாக இருந்தும் பெட்ரோலின்றிச் செல்லும் தூரம் சுழியாகின்றது.

மற்றொன்று இதனினும் பெரிது. முழு மின் வண்டியிற் கணிப்புப் பிழைத்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். அப்பிழையை ஒருவரும் மறவார். அடுத்தமுறை விழிப்புடன் இருப்பர். கலப்பு வண்டியிலோ கணிப்புப் பிழைத்த கணமே எஞ்சின் ஓசையின்றி உதவிக்கு வருகின்றது. ஓட்டுபவர் தடையின்றி வீடு சேர்கின்றார். தண்டனை இல்லாத பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத பிழை திருத்தம் பெறுவதுமில்லை. வேறுபாட்டின் விலையைப் பணப்பையும் காற்றும் மெல்ல மெல்லச் செலுத்துகின்றன.

காற்று செலுத்தும் விலை சிறிதன்று. ஐரோப்பிய முறையில், சான்று பெற்ற மின் தூரம் நீளநீள, வண்டி மின்சாரத்தால் ஓடும் பங்கும் மிகுதி எனக் கொண்டே புகையின் அளவு கணக்கிடப்பெறுகின்றது. அக்கணக்கு மெய்யோ என்று அறிய, 2021ஆம் ஆண்டிற் பதிவான வண்டிகள் உண்மையில் உண்ட எரிபொருளை ஐரோப்பிய ஆணையத்தார் வண்டிகளிலிருந்தே திரட்டினர். கலப்பு வண்டிகளின் கரியமில வாயு, சான்றிதழ் கூறியதைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அறிவித்தனர். இப்பிழை முழுவதும் தூரக் கணிப்பால் நேர்ந்ததன்று. வண்டியை மின்னிணைப்பிற் செருகாமலே பெட்ரோலில் ஓட்டுவோரும் பலர். எனினும், மக்கள் இவ்வாறு ஓட்டுவர் என்று எண்ணிய எண்ணமும் ஒரு கருதலே. காட்சி வந்து அதனை மறுத்தது. அதன்பின் அவ்விகிதக் கணக்கை 2025ஆம் ஆண்டு முதற்கொண்டு படிப்படியாகக் கடுமையாக்குதற்கும் வழி செய்துள்ளனர்.

இனி எஞ்சியது காட்சி. இதனைப் பெறுவதற்கு ஆய்வுக்கூடம் வேண்டா. சிறு குறிப்பேடு ஒன்றே போதும். மின்கலம் நிறைந்த நாளில் காட்டி கூறிய எண், எஞ்சின் முதன்முதல் இயங்கியபோது ஓடியிருந்த தூரம், அன்றைய வெப்பநிலை ஆகிய மூன்றையும் நாள்தோறும் எழுதிவரின், சில திங்களில் தம் வண்டிக்கும் தம் வழிக்கும் உரிய எண் ஓட்டுபவர்க்குத் தானே விளங்கும். அது கோடைக்கு ஒன்றாகவும் குளிர்காலத்திற்கு ஒன்றாகவும் இருக்கும். மின்கலம் முதுமையடையுங்கால் இரண்டும் சிறிது சிறிதாகக் குறையும். காட்டியின் எண்ணை அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு மதிப்பாகக் கொள்க. மேலும், புறப்படுமுன் மின்னிணைப்பிற் செருகியிருக்கும்போதே உள்ளறையைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ செய்தல் நன்று. அச்செலவு வீட்டு மின்சாரத்தைச் சாரும், மின்கலத்தின் தூரம் பெரிதும் குறையாது.

தொகுத்துக் கூறுமிடத்து, சான்றிதழின் எண் வண்டிக்கு வண்டி ஒப்புநோக்க உதவும். அதுவும் ஒரே முறையால் அளந்தவிடத்தே. காட்டியின் எண் நேற்றைப்போன்ற நாளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். மாறிய நாளுக்குப் பொருந்தாது. ஓட்டுபவர் தாமே குறித்துவைத்த எண்ணே அவருக்கு உறுதுணையாவது. உரையும் கருதலும் வேண்டற்பாலனவே. ஆயினும் அவற்றைக் காட்சியோடு ஒட்டிப் பார்த்துக் கொள்வதே அறிவுடையோர் கடன். எஞ்சினின் ஓசை முதலிற் கேட்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் ஒன்றிருப்பின், கலப்பு வண்டி தன் உண்மைத் தூரத்தைத் தானே சொல்லிவிடும்.