பன்னிரண்டு வருஷக் கதையும் பூட்டிக் கிடக்கும் வீடுகளும்

கொல்லிமலையின் 14 ஊராட்சிகளில் ஒன்றான தேவனூர் நாட்டில் அரசு வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் வந்த குடும்பத்துக்கு சந்தோஷத்தோடு ஒரு கவலையும் சேர்ந்தே வரும். பழைய வீட்டைப் பிரித்துவிட்டு அதே மனையில் புதியது எழும்வரை எங்கே படுப்பது, எங்கே அடுப்பு மூட்டுவது? பக்கத்தில் பூட்டிய வீடு ஒன்று இருக்கும். பிள்ளைகள் பிழைப்புக்காக மலையிறங்கிப் போன வீடு. ஆறு மாசத்துக்குக் கேட்டால், மலையிலும் சமவெளியிலும் ஒரே பதில்தான்: “உள்ள விட்டா கிளம்ப மாட்டாங்க. பன்னெண்டு வருஷம் இருந்துட்டா வீடே அவங்களுக்குச் சொந்தமாயிடும்.”

இது பொய். படித்தவர்களும் கூசாமல் திருப்பிச் சொல்லும் பொய். எத்தனை முறை விளக்கினாலும் அடுத்த டீக்கடையில் மறுபடி முளைத்துவிடுகிறது.

பன்னிரண்டு என்ற எண் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்திலிருந்து வந்தது. அதன் அட்டவணையில் 65ஆவது இனம் எதிரிடை அனுபவத்தைப் பற்றியது. ஒருவர் அடுத்தவர் சொத்தில் அனுமதியின்றி, வெளிப்படையாக, “இது என்னுடையது” என்று உரிமையாளருக்கு எதிராகவே உட்கார்ந்திருக்க, உரிமையாளர் 12 ஆண்டுகள் வழக்குப் போடாமல் இருந்துவிட்டால் வரும் சிக்கல் அது. வாடகைக்கு வருபவர் அப்படியா வருகிறார்? சாவியை வீட்டுக்காரர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வருகிறார். மாதாமாதம் கொடுக்கும் வாடகையே “வீடு உங்களுடையது” என்று அவர் ஒப்புக்கொள்வதற்குச் சமம். குடியிருப்பு தொடரும்வரை, தன்னைக் குடிவைத்தவருக்கு அப்போது உரிமையே இல்லை என்று வாடகைதாரர் வாதாட முடியாது என 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 116ஆம் பிரிவே சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தில் அதுவே 122ஆம் பிரிவு.

இதே அட்டவணையில் 67ஆவது இனத்தையும் படித்திருந்தால் இந்த வதந்தி என்றோ செத்திருக்கும். அங்கேயும் 12 ஆண்டுகள்தான். ஆனால் அது வாடகைதாரரிடமிருந்து வீட்டை மீட்க உரிமையாளருக்குச் சட்டம் கொடுக்கும் அவகாசம். அந்தக் கணக்கும் குடிவந்த நாளில் தொடங்குவதில்லை, வாடகை உறவு முறிந்த பிறகே தொடங்குகிறது.

வாடகை வாங்காமல் சும்மா தங்கவிட்டால்? கோவாவிலிருந்து வந்த மரியா மார்கரிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகவே சொல்லிவிட்டது: காவலாளியோ பராமரிப்பாளரோ வேலைக்காரரோ எத்தனை காலம் குடியிருந்தாலும் அந்தச் சொத்தில் அவருக்கு உரிமை பிறக்காது.

உண்மையான ஆபத்து ஒன்று உண்டு: துண்டுச்சீட்டுகூட இல்லாமல் வாய்ப்பேச்சிலேயே குடிவைப்பது. நாளைக்குத் தகராறு வந்தால் அவர் வாடகைதாரர் என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால்தான் 11 மாத ஒப்பந்தம் வழக்கமானது. பெயர், வாடகை, முன்பணம், தேதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கட்டும். வாடகைக்கு ரசீது கொடுக்கட்டும். அந்தத் தாள் வீட்டுக்காரருக்குத்தான் கவசம்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. பயனாளி தங்கினால் அந்த வீட்டையும் அரசு எடுத்துக்கொள்ளும் என்பது வெறும் கற்பனை. பிரதமர் வீட்டுத் திட்டமோ, குடிசைக்குப் பதில் 360 சதுர அடி வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தரும் கலைஞரின் கனவு இல்லமோ, வேலை ஏற ஏறத் தவணையாகப் பணம் கொடுப்பது பயனாளியின் மனையில் எழும் வீட்டுக்கு. பக்கத்து வீட்டுக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஆதாரில் முகவரி மாறினால் வீடு கைமாறிவிடும் என்கிறார்கள். ஆதார் சொத்துப் பத்திரம் அல்ல. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் சொந்தக்காரருக்கு மட்டும் என்பதும் தவறு. வீட்டு இணைப்புக்குத்தான் அந்தச் சலுகை, குடியிருப்பவருக்கும் அதன் பலன் சேரும்.

வதந்திகளைவிட, “ஏழைங்கதானே, வீடு எப்படி இருந்தாலும் இருப்பாங்க” என்ற வீட்டுக்காரர் நினைப்பைத்தான் பொறுக்க முடிவதில்லை. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாடகை உதவி பெறும் குடும்பம் குடியேறும் முன் வீட்டை நேரில் பார்த்துத் தேற வைக்கிறார்கள். கொல்லிமலையில் அதற்கு ஆள் வராது, வீட்டுக்காரரே பார்க்க வேண்டும். வடகிழக்கு மழைக்கு முன் ஓடுகளை ஒருமுறை ஏறிப் பார்ப்பது, மழை விட்ட மறுநாள் சுவரின் அடிப்பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பது, கழிப்பறைக் குழி நிரம்பியிருக்கிறதா என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பது. பிறகு வீட்டிலுள்ள எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, மின்மீட்டர் முன் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். சிவப்பு விளக்கு அப்போதும் விட்டுவிட்டுச் சிமிட்டினால் எங்கோ மின்சாரம் கசிகிறது. ஈரச் சுவரும் பழைய ஒயரும் சேர்ந்த வீட்டில் அது உயிர்ப் பிரச்சினை. எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை சாவியைக் கொடுக்கக் கூடாது. எல்லாம் சரியான பிறகு மீட்டர் காட்டும் அளவை ஒப்பந்தத்தில் குறித்துக்கொண்டால், கரண்ட் பில் சண்டையும் இல்லை.

இதையெல்லாம் செய்த வீட்டுக்காரர் நியாயமான வாடகை கேட்பதில் தப்பில்லை. அதை யார் கொடுப்பது? சென்னையில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது, வெளியே தங்கும் குடும்பத்துக்குத் தரும் கருணைத் தொகை 2021இல் 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்ந்தது. மலையில் வீட்டைப் பிரித்துவிட்டு நிற்கும் குடும்பத்துக்கும் அதே மழை, அதே குளிர். 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சிமெண்ட் ஏற்ற வேண்டிய ஊரில், கட்டுமானப் பணத்திலிருந்தே வாடகையும் கொடு என்பது அநியாயம். மலை ஊராட்சிகளின் பயனாளிகளுக்கும் இடைக்கால வாடகை உதவி வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மழைக்கு முன் வரும் கூட்டம் அக்டோபர் 2. தேவனூர் நாட்டு மக்கள் அன்றைக்கு இதைத் தீர்மானமாக எழுதி, நிறைவேற்றி அனுப்ப வேண்டும்.