பரிமாற்ற மாணவரின் குடியிருப்பு: வளாகமா, பிரிக்பீல்ட்ஸா, கிள்ளானா?

பரிமாற்ற மாணவர் என்பவர் தம் சொந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவை வைத்துக்கொண்டே, ஒரு பருவமோ இரண்டு பருவமோ வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பாடங்களைப் பயின்று, அங்குப் பெற்ற மதிப்பெண்ணைத் தாயகத்தில் கணக்கில் சேர்த்துக்கொள்பவர். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அவ்வாறு கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எங்கே குடியிருப்பது என்பதைத்தான். செலவு, உணவு, நட்பு, படிப்புக்குக் கிடைக்கும் நேரம் எல்லாம் அந்த ஒரு முடிவைப் பின்தொடர்ந்தே அமைகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கு என்ற பெயர் கோலாலம்பூரையும், அதை ஒட்டி எல்லை தெரியாமல் நீளும் பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் முதலிய நகரங்களையும் சேர்த்துக் குறிக்கிறது. புதிதாக வருபவர் எந்த வட்டாரத்தில் தமிழ் காதில் விழும் என்று முதலில் விசாரிப்பது இயல்பே. ஆயினும், வகுப்பறைக்கு எந்த ரயில் பாதை செல்கிறது, வாடகை ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு உரியது என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே அந்த விசாரணையைத் தொடங்க வேண்டும். தமிழைத் தேடிச் செல்ல வார இறுதி போதும், வகுப்பைத் தேடியோ நாள்தோறும் செல்ல வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தக் காலத்தைப் பற்றிய கேள்வி பலரும் எண்ணிப் பார்க்காதது. கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்தின் பாட வாரங்கள் 14. இடைவிடுமுறையும் தேர்வு வாரங்களும் சேர்ந்தாலும் அது ஐந்து மாதத்தைத் தாண்டுவதில்லை. மலேசிய வீட்டு ஒப்பந்தமோ வழக்கமாக ஓராண்டுக்கு எழுதப்படுகிறது. கையெழுத்திடும் நாளில் முதல் மாத வாடகையோடு, இரண்டு மாத வாடகைக்கு ஈடான பாதுகாப்பு வைப்புத்தொகையும், மின்சாரம், தண்ணீர்க் கட்டணங்களுக்கென அரை மாதமோ ஒரு மாதமோ ஆன மற்றொரு வைப்பும் கேட்கப்படும். இடையில் வெளியேறுபவர் வைப்புத்தொகையை இழக்க நேரிடும் என்பதால், ஒரு பருவத்துக்கு மட்டும் வருபவருக்கு முழு வீடு பொருந்தாது; அறை வாடகையோ வளாகக் கல்லூரியோதான் பொருந்தும்.

வளாகக் கல்லூரி என்பது பாடம் நடக்கும் கல்லூரியன்று. மலாய் மொழியில் 'கோலேஜ் கெடியாமான்' என்று வழங்கும் மாணவர் விடுதியே அது. பெரும்பாலும் இருவர் ஓர் அறையைப் பகிர்வர். வெளி வீட்டுக்குக் கேட்கப்படும் இரண்டு மாத வைப்புத்தொகையும் தரகரும் இல்லை, வகுப்புக்கு நடந்தோ வளாகப் பேருந்திலோ செல்லலாம், வெவ்வேறு மாநிலத்து மலேசிய மாணவர்களோடு பழக்கமும் வாய்க்கும். பொதுவாக அறைக்குள் சமைக்க அனுமதி இருப்பதில்லை என்பதே இதன் குறை. சைவ உணவு மட்டும் உண்பவருக்கு அது சிறிய குறையன்று. இருந்தாலும் ஒரு பருவத்துக்கு வருபவர், குறிப்பாக முதன்முறை தாய்நாட்டை விட்டு வருபவர், விடுதியில் இடம் கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை. இடம் கிடைக்காதவரும் வெளியில் இருக்க விரும்புபவரும்தான் பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள்.

பிரிக்பீல்ட்ஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூரைச் செங்கல் வீடுகளாக மீண்டும் கட்டியபோது சூளைகள் இயங்கிய இடம். பின்னர் ரயில்வேயின் பணிமனைகளும் பணியாளர் குடியிருப்புகளும் அங்கே எழுந்தன. ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ஜாலான் ஸ்காட்டில் கந்தசுவாமி கோவிலை எழுப்பினர். அதே வட்டாரத்தில் விவேகானந்தா ஆசிரமமும் சிங்களப் பௌத்தர்களின் மகா விகாரையும் பார்வையற்றோர் சங்கமும் நுண்கலைக் கோவில் என்னும் இசை, நடனப் பயிலகமும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. முதன்மைச் சாலை, சுதந்திர மலாயாவின் தலைவர்களுள் ஒருவரான துன் வீ.தி. சம்பந்தனின் பெயரைத் தாங்கியது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் முன்னிலையில் இவ்வட்டாரம் 'லிட்டில் இந்தியா' என்று முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து மாணவர் இங்குத் தம் ஊர்ப் பெயர்களைக் கேட்கவும் கூடும்.

இவையெல்லாம் இருந்தும், மலாயாப் பல்கலைக்கழக மாணவருக்குப் பிரிக்பீல்ட்ஸின் முதன்மையான தகுதி ரயில்தான். 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து கிளானா ஜெயா பாதையின் எல்.ஆர்.டி., அதாவது ஓட்டுநர் இல்லாமல் சில நிமிடங்களுக்கு ஒன்றாக வரும் இலகு ரயில், பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி ஆகிய மூன்று நிலையங்களைக் கடந்து நான்காவதாக யூனிவர்சிட்டி நிலையத்தை அடைகிறது. அங்கிருந்து இணைப்புப் பேருந்து வளாகத்துக்குள் செல்லும். ஒரு ரயிலைத் தவறவிட்டாலும் வகுப்பு தவறாது.

இதற்குரிய விலையை வாடகையில் செலுத்த வேண்டும். கே.எல். சென்ட்ரலைச் சுற்றி அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்ததால் பழைய வீடுகள் குறைந்துவிட்டன; மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பகிர்ந்த அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையோ, கடைவீட்டின் மேல்தளத்தைப் பலகையால் தடுத்த அறையோதான். பலகைத் தடுப்பு அறையைப் பகலில் மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளக் கூடாது. சன்னல் வெளிப்பக்கம் திறக்கிறதா அல்லது நடைகூடத்தைப் பார்க்கிறதா, குளிர்சாதனக் கருவிக்குத் தனி மின்அளவி பொருத்தப்பட்டு அதற்குரிய கட்டணம் வாடகைக்கு மேல் வாங்கப்படுகிறதா, மாலை ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது, கீழ்த்தளக் கடையின் பாட்டு எத்தனை மணிக்கு ஓய்கிறது ஆகியவற்றை மாலையில் நேரில் போய்ப் பார்ப்பதே முறை. ஆண்டு முழுதும் புழுக்கம் மாறாத ஊரில் குளிர்சாதனக் கட்டணம் மாதச் செலவின் கணிசமான பகுதியாகிவிடும்.

கிள்ளான் வேறு வகையான ஊர். சிலாங்கூரின் அரச நகரமாகவும் துறைமுகத்தை அடுத்த வணிக நகரமாகவும் வளர்ந்த இதைச் சுற்றி ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் பரந்திருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இந்நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியேறின. ஆகவே ஜாலான் தெங்கு கிளானாவில் பூமாலைக் கடையும் நகைக்கடையும் புடவைக்கடையும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையும் சுற்றுலாப் பயணியை எதிர்பார்த்து நிற்பவையல்ல. குடும்பங்கள் வாரந்தோறும் வந்து வாங்கும் கடைகள் அவை. இங்குப் பேசப்படும் தமிழில் ரிங்கிட்டை 'வெள்ளி' என்பர், இரவுச் சந்தையைப் 'பாசார் மாலாம்' என்பர். மூன்று மாதம் தங்கினால் மாணவரின் பேச்சிலும் அவை ஏறிவிடும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு, வெள்ளைக்காரத் துரை எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயத்தை ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. மலேசியத் தமிழரின் வரலாற்றையோ சமூகத்தையோ ஆய்வுப் பொருளாகக் கொண்டு வருபவர்க்கு நூலகத்தில் கிடைக்காதது கிள்ளானில் அண்டை வீட்டில் கிடைக்கும் என்பதால், அவர்கள் பயணத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டாவது இங்கே குடியிருப்பது தகும்.

அந்தத் தொல்லை சிறியதன்று. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் கேடிஎம் கொமுட்டர், அதாவது தேசிய ரயில் நிறுவனத்தின் புறநகர் ரயில், கே.எல். சென்ட்ரலை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ எடுக்கும். பாதைச் சீரமைப்பு நடக்கும் காலங்களில் ஒரு ரயிலுக்கும் அடுத்ததற்கும் இடையே அரை மணி நேரத்துக்கு மேலாகவும் இடைவெளி விழும். பல்கலைக்கழகம் செல்பவர் கே.எல். சென்ட்ரல் வரை போகத் தேவையில்லை. அப்துல்லா ஹுக்கும் நிலையத்தில் இறங்கி எல்.ஆர்.டி.க்கு மாறினால் யூனிவர்சிட்டி இரண்டாவது நிலையம். இந்த மாற்றம் தெரியாதவர் வீணாகச் சுற்றி வருவார். தெரிந்தவருக்கும் காலை எட்டு மணி வகுப்புக்கு ஆறு மணிக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.

பயிலும் இடம் மாறினால் இந்தக் கணக்கு அப்படியே திரும்பிவிடும். பண்டார் சன்வேயில் உள்ள மோனாஷ், சன்வே பல்கலைக்கழகங்களில் சேர்பவர்க்கு எல்.ஆர்.டி. நிலையம் வாசலில் இல்லை. கொமுட்டர் ரயிலில் செத்தியா ஜெயாவில் இறங்கி, 2015 முதல் தனி மேம்பாலத்தில் இயங்கிவரும் பி.ஆர்.டி. விரைவுப் பேருந்தில் ஏறினால் வளாகத்துக்கு அருகே இறங்கலாம். செத்தியா ஜெயா கிள்ளானுக்கும் கே.எல். சென்ட்ரலுக்கும் இடையில் அதே பாதையில் இருப்பதால், பிரிக்பீல்ட்ஸின் மிகுந்த வாடகைக்கு அவர்களிடம் காரணம் இல்லை. ஷா ஆலமில் பயில்பவர்க்கோ கிள்ளான் தெளிவாகவே மேலானது.

பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் நடுவே கெரிஞ்சி, பந்தாய் டாலாம், பெட்டாலிங் ஜெயாவின் 17ஆம் பிரிவு ஆகியவற்றில் மூத்த மாணவர்கள் வீடு எடுத்து அறைகளைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். பருவ நடுவில் காலியாகும் அத்தகைய அறைகள் பரிமாற்ற மாணவரின் காலத்தோடு நன்கு பொருந்துகின்றன. துறை மாணவர்களிடம் வாய்மொழியாகக் கேட்பதே அவற்றைக் கண்டுபிடிக்கும் வழி.

வாடகை தேடும்போது மனத்தைப் புண்படுத்தும் ஒன்றை எதிர்கொள்ள நேரலாம். மலேசியாவில் அறை விளம்பரங்களில் எந்த இனத்தவர்க்கு மட்டும் என்று வெளிப்படையாகவே குறிக்கப்படுவதுண்டு. இந்தியர்க்கு இல்லை என்று நேரில் சொல்லப்படுவதும் உண்டு. இது அநீதி என்பதில் ஐயமில்லை. மலேசியர்களே இதைப் பொதுவெளியில் கண்டித்து வருகின்றனர். அதே வேளையில் இது மாணவரின் நடத்தையைப் பற்றிய தீர்ப்பன்று என்பதை முன்னதாகவே அறிந்திருப்பது, முதல் மறுப்பிலேயே தளர்ந்து கிடைத்த மோசமான அறையை ஒப்புக்கொள்வதிலிருந்து காக்கும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழ் உரிமையாளர்கள் இருப்பது இவ்விடத்தில் உண்மையான ஆறுதல்.

செலவைக் கணக்கிடும்போது, உள்ளூர் நண்பர்கள் சொல்லும் பயணச் செலவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 50 வெள்ளிக்கு 30 நாள் எல்.ஆர்.டி.யிலும் பேருந்திலும் வரம்பின்றிப் பயணிக்க உதவும் மை50 அட்டை மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. கொமுட்டர் அதில் அடங்காது. வெளிநாட்டு மாணவர் 'டச் அண்ட் கோ' அட்டையில் பணம் ஏற்றி ஒவ்வொரு பயணத்துக்கும் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். பகுதிநேர வேலையால் ஈடுகட்டலாம் என்ற எண்ணமும் பயன் தராது: வெளிநாட்டு மாணவரின் வேலைக்குக் குடிநுழைவுத் துறையின் அனுமதி வேண்டும், அதுவும் ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறைகளில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரையே.

தாழ்வான பகுதியில் அறை பார்ப்பவர் வெள்ளத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளானை அடுத்த தாமான் ஸ்ரீ மூடா வீட்டுக் கூரை உயரத்துக்கு மூழ்கியது.

எந்த வட்டாரமானாலும் வைப்புத்தொகை திரும்ப வரும் வழியை நுழையும்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர்கள் கடைசி மின்கட்டணச் சீட்டு வந்த பிறகே தொகையைத் திருப்புவர். அதற்குள் மாணவர் நாடு திரும்பி, மலேசிய வங்கிக் கணக்கையும் மூடியிருப்பார். ஆகவே முத்திரைத் தீர்வை செலுத்திய ஒப்பந்தத்திலேயே, கடைசி இரண்டு மாத வாடகையைப் பாதுகாப்பு வைப்பில் கழித்துக்கொள்ளலாம் என்றோ, புறப்படும் நாளில் அளவியைப் பார்த்துக் கணக்கு முடிக்கலாம் என்றோ ஒரு வரியைச் சேர்க்கக் கேட்பதும், சாவி வாங்கும் அன்றே சுவர், மெத்தை, குழாய், மின்அளவியின் எண் ஆகியவற்றைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவைப்பதும் அவசியம். அந்த வரியைச் சேர்க்க மறுப்பவரின் அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒரு பருவத்துக்கு மட்டும் வந்தவர் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பதே நல்லது.