டப்ளின் பப்பில் இசை கேட்கப் போகிறவர்களுக்கு

டப்ளினில் பழைய பப்புக்குப் பஞ்சமில்லை. லிஃபி ஆற்றை ஒட்டியிருக்கும் பிரேசன் ஹெட் தன் வயதை 1198இலிருந்து எண்ணிக்கொள்கிறது. இப்போது நிற்கும் கட்டடம் 1754ஆம் ஆண்டுக்காரன்தான். மெரியன் ரோவில் உள்ள ஓ'டனஹியூஸில் 1960களின் தொடக்கத்தில் கூடி வாசித்த ரானி ட்ரூ, லூக் கெல்லி, பார்னி மெக்கென்னா கூட்டம்தான் பிறகு 'தி டப்ளினர்ஸ்' என்ற பெயரில் உலகம் சுற்றியது. ஆற்றுக்கு வடக்கே ஸ்மித்ஃபீல்டில் இருக்கிறது காபிள்ஸ்டோன். அந்த இடத்தில் ஹோட்டல் கட்டும் திட்டம் 2021இல் வந்தபோது மக்கள் ஊர்வலமாகத் தெருவில் இறங்கினார்கள். அதே ஆண்டு நகர மன்றம் அனுமதி மறுத்தது.

இந்த இடங்களில் நடக்கும் வாசிப்புக்கு செஷன் என்று பெயர். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. மூலையில் ஒரு மேஜையைச் சுற்றி பிடில், புல்லாங்குழல், கான்செர்டினா, முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இல்லன் பைப் என்று ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். வட்டமாக உட்காருவதால் பாதிப் பேரின் முதுகுதான் நமக்குத் தெரியும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அவர்கள் தங்களுக்குள் வாசித்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கீழே உள்ள யோசனைகளில் பல இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

செய்ய வேண்டியவை

- சீக்கிரம் போங்கள். இரவு செஷன் பெரும்பாலும் 9 மணியை ஒட்டித் தொடங்கும். அரை மணி நேரம் முன்னால் போனால்தான் காதில் விழும் தூரத்தில் இடம் கிடைக்கும். வார நாள் நல்லது. சனிக்கிழமை இரவு பேச்சுச் சத்தம் பிடிலை விழுங்கிவிடும்.

- வாசிப்பு எப்படி நகர்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு மெட்டுக்குப் பொதுவாக இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் எட்டு பார் (தாளச் சுற்று). ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை வாசிப்பார்கள். முழு மெட்டையும் இரண்டு மூன்று தடவை சுற்றி வந்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். யார் முன்னாலும் நோட்ஸ் இருக்காது, எல்லாம் மனப்பாடம். ஒருவர் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர் வாத்தியத்தை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தத் தாவல் நடக்கும் நொடியில் அவர்கள் முகங்களைப் பாருங்கள், செஷனின் சுவையே அங்கேதான். மெட்டு வகைகளில் ரீல் நாலு நாலாக ஓடும், ஜிக் ஆறு எட்டில் துள்ளும், ஸ்லிப் ஜிக் ஒன்பது எட்டில் வழுக்கும். காது பழகியதும் வித்தியாசம் தானாகப் பிடிபடும்.

- கின்னஸ் கேட்டால் காத்திருங்கள். கிளாஸைச் சாய்த்து முக்கால்வாசி நிரப்பி, நுரை அடங்கும்வரை ஓரமாக வைத்துவிட்டு, பிறகுதான் மீதியை ஊற்றுவார்கள். இரண்டு நிமிடம் போலாகும். பார்மேன் உங்களை மறந்துவிடவில்லை.

- குடிப்பழக்கம் இல்லாதவர்களும் தயங்காமல் போகலாம். மது தொடுவதில்லை என்று உறுதி எடுப்பவர்களுக்காக 1898இல் பயனியர் சங்கம் தொடங்கிய ஊர் இது. எலுமிச்சை சோடாவோடு மாலை முழுவதும் உட்கார்ந்திருப்பவரை யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். ஆல்கஹால் இல்லாத கின்னஸும் இப்போது வந்துவிட்டது. சாப்பாட்டை மட்டும் முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். இசைக்குப் பேர்போன பப் பலவற்றில் சிப்ஸ் பாக்கெட்டுக்கு மேல் எதுவும் தேறாது. டேட்டோ என்று கேளுங்கள். சீஸும் வெங்காயமும் சேர்ந்த அந்தச் சுவை 1950களில் டப்ளினில் பிறந்தது. சைவர்களின் இரவுச் சாப்பாடு பலமுறை அதுவாகவே அமைந்துவிடும்.

- பக்கத்து ஆள் உங்களுக்கும் சேர்த்து வாங்கி வந்தால், அடுத்த முறை வாங்குவது உங்கள் பொறுப்பு. இந்த ரவுண்டு முறையில் எழுதாத கணக்கு உண்டு, எல்லோருக்கும் நினைவிருக்கும். வேண்டாமென்றால் முதல் கிளாஸ் வரும்போதே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

- மூலையில் காலியாக இருக்கும் நாற்காலியில் உட்காராதீர்கள். இடம் பிடிக்கும் வேகத்தில் நம்மவர்கள் முதலில் பாய்வது அங்கேதான். அது வாசிப்பவர்களின் இடம். இன்னும் வந்து சேராத பிடில்காரருக்காகக் காத்திருக்கிறது. அந்த மேஜையில் கிளாஸ் வைப்பது, ஓய்ந்திருக்கும் வாத்தியத்தைத் தொட்டுப் பார்ப்பது, இரண்டும் வேண்டாம்.

- 'டேனி பாய் வாசியுங்கள்' என்று கேட்காதீர்கள். அந்தப் பாட்டின் வரிகளை எழுதியவர் ஃபிரெடரிக் வெதர்லி என்ற ஆங்கிலேய வக்கீல். அயர்லாந்தின் ஆத்மா என்று நினைத்து நாம் கேட்பது பாதி இங்கிலாந்துச் சரக்கு. நேயர் விருப்பத்துக்கு டெம்பிள் பார் பகுதி இருக்கிறது. அங்கே மைக்கும் மேடையும் வைத்து, கேட்டதைப் பாடிக்கொடுப்பார்கள். அதைக் குறைவாகச் சொல்லவில்லை, அது வேறு தொழில். செஷனில் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்று: மெட்டு முடிந்த பிறகு, 'இதற்கு என்ன பெயர்?' சிலசமயம் வாசித்தவருக்கே பெயர் தெரிந்திருக்காது.

- தாளத்தைக் கையில் எடுத்துக்கொள்ளாதீர்கள். சபாவில் முன்வரிசை மாமா தொடையில் போடுவது போல உங்களுக்குள் போட்டுக்கொள்ளலாம். மேஜையில் ஓங்கித் தட்டினால் மொத்த வட்டமும் தடுமாறும். பௌரான் என்ற ஆட்டுத்தோல் வாத்தியத்தைக்கூட ஒரு நேரத்தில் ஒருவர்தான் வாசிக்க வேண்டும் என்று கறாராக இருக்கும் இடங்கள் உண்டு.

- யாராவது பக்கவாத்தியம் இல்லாமல் பாடத் தொடங்கினால் மூச்சு விடும் சத்தம்கூட அதிகம். ஷான் நோஸ் என்ற பழைய பாணிப் பாடல் அப்படித்தான் வரும், கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல். அதுவரை கத்திப் பேசிக்கொண்டிருந்த பப் சட்டென்று அடங்கிவிடும். அந்த நேரத்தில் ஆர்டர் கொடுக்கக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது, போன் ஒலித்தால் அதைவிட அவமானம் கிடையாது.

- கேட்காமல் வீடியோ எடுக்காதீர்கள். தலைக்கு மேல் போனைத் தூக்கிப் பிடித்தபடி மெட்டு மேல் மெட்டாக வரும் ஒரு தொடரை முழுவதும் பதிவு செய்பவர்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வருகிறது, வாசிப்பவர்களைக் கேட்கவா வேண்டும்.

- காசை மேஜையில் வைக்காதீர்கள். பல இடங்களில் ஓரிருவருக்கு பப் சம்பளம் கொடுக்கும், மற்றவர்கள் ஆசைக்கு வந்து வாசிப்பவர்கள். நன்றி சொல்ல விரும்பினால் அவர்கள் என்ன குடிக்கிறார்கள் என்று பார்மேனிடம் விசாரித்து, ஒரு கிளாஸ் அனுப்பச் சொல்லலாம்.

- சிறுவர்களோடு இரவு வெகுநேரம் தங்கும் திட்டம் வேண்டாம். இரவு 9 மணிக்கு, கோடையில் 10 மணிக்குப் பிறகு அவர்களை உள்ளே வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. குடும்பத்தோடு போகிறவர்கள் ஞாயிறு மதிய செஷன் எங்கே என்று விசாரித்துக்கொள்ளலாம்.

- கடைசி ஆர்டர் முடிந்த பிறகு இன்னொன்று கேட்டு மல்லுக்கட்டாதீர்கள். கிளாஸைக் காலி செய்ய அரை மணி நேரம் தருவார்கள், அது போதும். ஸ்மித்ஃபீல்டு போகிறவர்களுக்கு லுவாஸ் ட்ராமின் சிவப்புத் தடம் வசதி. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் உள்ளே நுழைவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.