தனித் தட்டு தேவையில்லை

கேள்வி: என் கணவருக்கு முதுகிலும் இடது கையிலும் ஏழெட்டுத் தேமல்கள். அரிப்பும் வலியும் இல்லாததால் விட்டுவிட்டோம். இப்போது தொழுநோய் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓராண்டுக்கு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். மாமியார் அவருக்குத் தட்டும் பாயும் தனியாக வைத்துவிட்டார். எட்டு வயது மகளை அவரிடம் விடுவதில்லை. விரல்கள் போய்விடுமோ என்று அவர் தூங்குவதே இல்லை. என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: தட்டையும் பாயையும் இன்றே பழைய இடத்தில் வையுங்கள், அம்மா. தட்டிலோ படுக்கையிலோ ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை இது. சிகிச்சை பெறாத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கிப் பழகும்போது, மூக்கு, வாயிலிருந்து வரும் நுண்துளிகள் வழியாகவே பெரும்பாலும் பரவுகிறது. அப்போதும் பெரும்பாலோரின் உடல் கிருமியை அடக்கிவிடும். மாத்திரை தொடங்கியதுமே பரவுவது ஏறத்தாழ நின்றுவிடுகிறது. மகள் அப்பாவின் மடியில் உட்காரட்டும்.

ஆனால் சிகிச்சைக்கு முன்பே கிருமி வீட்டில் யாருக்காவது போயிருக்கலாம். அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகும். அதனால் வீட்டிலுள்ள எல்லோரும் தோலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு, தகுதி பார்த்து, தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பார்கள்.

அந்த மருந்தைச் சாப்பிட்ட நாளில் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். உங்கள் கணவர் சாப்பிடும் மாத்திரைகளில் கிளோஃபசிமின் தோலைக் கருக்கவைக்கும். ஊரார் கேட்கிறார்களே என்று இதனாலேயே பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அது கொடுமையான இழப்பு. மாத்திரை முடிந்தபின் சில மாதங்களில் நிறம் மெல்லத் திரும்பும். தொடக்க வாரங்களில் காய்ச்சலோடு தடிப்போ மஞ்சள்காமாலையோ வந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அதே மாத்திரைகளில் உள்ள டாப்சோன் ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம்.

இனி விரல்கள். கிருமி விரலைத் தின்பதில்லை, நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு மரத்த கைக்குச் சுடுபாத்திரம் சுடாது, காலுக்கு முள் குத்தியது தெரியாது. அந்தப் புண்கள் சீழ்பிடித்துத்தான் விரல்கள் குறுகுகின்றன. வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இதை உணர்ந்து, மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றி மீண்டும் வேலை செய்ய வைத்தார். உங்கள் கணவர் அந்த நிலைக்கே போக வேண்டியதில்லை. தினமும் இரவில் உள்ளங்கை, உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். மரத்த இடம் இருந்தால் நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுங்கள். அடுப்படியில் துணி பிடித்தே பாத்திரம் தூக்கட்டும். கால் மரத்திருந்தால் எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு கேட்டு வாங்குங்கள்.

தேமல் திடீரென்று சிவந்து வீங்கினாலோ, முழங்கைப் பக்கம் நரம்பு வலித்தாலோ, சுண்டுவிரல் பலமிழந்தாலோ, கண் சிவந்தாலோ அன்றே போய்விடுங்கள். உரிய நேரத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் நரம்பைக் காப்பாற்றலாம். கடைசி மாத்திரை முடிந்த பிறகும் இப்படி வரக்கூடும்.

அடுத்த மாத மருந்து வாங்கப் போகும்போது மாமியாரையும் மகளையும் கூட்டிப்போங்கள். பரிசோதனையும் முடியும், மாமியாரின் பயத்துக்கு அங்கேயே நேரில் பதில் கிடைக்கும்.