“நல்லா இருக்கேன்” என்ற பதிலுக்கு அப்பால்



மிஷன் ஆஸ்பத்திரிகளின் ஆண்டறிக்கையில் வழக்கமாக இரண்டு கணக்குகள் இருக்கும். எத்தனை பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது என்பது ஒன்று. எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் தேவையான கணக்குகளே. ஆனால் பிழைத்து வீடு திரும்பியவர் எப்படி வாழ்கிறார் என்பதை இவை சொல்வதில்லை. அதையும் அளக்க ஒரு வழி உண்டு. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயை உதாரணமாக வைத்து அந்த வழியை இந்தப் பாடத்தில் படிப்போம்.

வியாதியைப் பற்றிச் சில வார்த்தைகள்

2022ஆம் ஆண்டில் உலகமெங்கும் ஏறக்குறைய 19 லட்சம் பேருக்கு இந்த வியாதி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 9 லட்சம் பேர் இதனால் மரித்தார்கள். மேல்நாடுகளோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் இது குறைவுதான். ஆனாலும் இங்கே இளவயதினரும் கணிசமாகப் பாதிக்கப்படுகிறார்கள். மலத்தில் இரத்தம் போனால் “மூலம்தான்” என்று கைவைத்தியத்திலேயே பல மாதங்களைக் கழித்துவிடுவோர் அநேகர். அதற்குள் கட்டி வளர்ந்துவிடுகிறது.

கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தால் அந்தப் பகுதியையே எடுத்துவிட வேண்டியிருக்கும். அப்போது குடலின் நுனியை வயிற்றின் மேல் திறந்து வைத்து, மலம் ஒரு பையில் சேரும்படி செய்கிறார்கள். சிலருக்குச் சில மாதங்களில் அந்தத் திறப்பை மூடிவிடலாம். சிலருக்கு அது ஆயுள் முழுவதும் இருக்கும். பை தேவைப்படாதவர்களிலும் சிலர் ஒரு நாளில் பலமுறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

புளியஞ்சோலைப் பெரியவர்

உண்மையான நோயாளி எவரையும் இங்கே குறிப்பிடவில்லை. பாடத்திற்காக ஒரு பெரியவரை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலையில் அவர் குடியிருக்கிறார். கூலி வேலைதான் பிழைப்பு. மலக்குடல் கட்டிக்கு அறுவை சிகிச்சை முடிந்து, வயிற்றில் பையோடு வீடு திரும்பி 3 மாதம் ஆகிறது. இன்று மறுபரிசோதனைக்கு வந்திருக்கிறார்.

“எப்படி இருக்கீங்க ஐயா?” என்று நர்ஸ் கேட்கிறார்.

“உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் சிஸ்டர்.”

நர்ஸ் அதை எழுதிக்கொள்கிறார். டாக்டருக்கும் சந்தோஷம். ஆனால் அவர் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியிலும் உட்காருவதில்லை. பஸ்ஸில் பை கசிந்துவிடுமோ என்று பயந்து, வரும் நாளில் காலையிலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை. பை வாங்கப் பணம் போதாமல், ஒரு தரம் பயன்படுத்தியதையே கழுவி மறுபடியும் ஒட்டுகிறார். அதனால் சுற்றியுள்ள தோல் புண்ணாகிவிட்டது. இவற்றில் ஒன்றையும் அவர் சொல்லவில்லை. இலவசமாகச் சிகிச்சை செய்தவர்களிடம் குறை சொல்வது நன்றிகெட்ட செயல் என்று நினைக்கிறார்.

நாம் படிக்க வேண்டிய காரியம் இதுதான். நன்றி வேறு, நலம் வேறு. நன்றியை வைத்து நலத்தை அளந்தால், உண்மையில் தேவையான உதவியைச் செய்யத் தவறிவிடுவோம்.

ஐந்து கேள்விகள்

1987இல் ஐரோப்பாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒன்றுகூடி, எந்த வியாதிக்கும் பொருந்தும் எளிய கேள்வித்தாள் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்கள். யூரோகால் குழு என்று பெயர் பெற்ற இவர்கள் 1990இல் அதை வெளியிட்டார்கள். இன்று அது ‘ஈக்யூ-5டி’ என்ற பெயரில் உலகமெங்கும் பயன்படுகிறது, தமிழிலும் கிடைக்கிறது. அது ஐந்து காரியங்களைப் பற்றிக் கேட்கிறது: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், அன்றாட வேலைகள், வலி அல்லது அசௌகரியம், கவலை அல்லது மனச்சோர்வு. ஒவ்வொன்றிலும் இன்றைக்குச் சிரமம் இல்லையா, சிறிதளவா, ஓரளவா, அதிகமா, மிகக் கடுமையா என்று நோயாளியே சொல்ல வேண்டும். கடைசியில் 0 முதல் 100 வரை உள்ள அளவுகோலில் தன் சுகத்தை அவரே குறிக்கிறார்.

இந்தப் பதில்களை ஒரே எண்ணாக மாற்றுவது எப்படி? பொதுமக்களிடம் இப்படிக் கேட்கிறார்கள்: “இந்த நிலையில் 10 ஆண்டுகள் வாழ்வதா, பூரண சுகத்தோடு அதைவிடக் குறைந்த ஆண்டுகள் வாழ்வதா? எத்தனை ஆண்டுகள் என்றால் உங்களுக்கு இரண்டும் சமம்?” ஒருவர் “7 ஆண்டுகள்” என்றால், அவர் அந்த நிலைக்குக் கொடுக்கும் மதிப்பு 0.7. பூரண சுகம் 1. மரணம் 0. மரணத்தைவிடக் கொடியது என்று ஜனங்கள் கருதும் நிலைகளுக்கு 0க்கும் கீழான மதிப்பு வருவதுண்டு.

நெடுங்காலம் நம் நாட்டு ஆய்வுகள் அந்நிய நாட்டு மக்கள் கொடுத்த மதிப்புகளையே கடன் வாங்கி வந்தன. 5 மாநிலங்களில் 3,500க்கும் அதிகமான பேரிடம் கேட்டுத் தயாரித்த இந்திய மதிப்புப் பட்டியல் 2022இல் வெளிவந்தது. தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற, வயல் வரப்பில் நடக்கிற நம் ஜனங்களின் மனதும் இப்போது கணக்கில் சேர்ந்திருக்கிறது.

ஆயுசையும் சுகத்தையும் பெருக்குதல்

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். இதில் வரும் எண்கள் பாடத்திற்காக மட்டுமே.

நம் பெரியவர் 4 ஆண்டுகள் உயிரோடிருக்கிறார், அவர் நிலையின் மதிப்பு 0.6 என்று வைத்துக்கொள்வோம். 4 × 0.6 = 2.4. நல்ல பைகள் தடையின்றிக் கிடைத்து, அவற்றை மாற்றும் பயிற்சியும் பெற்று, அந்த மதிப்பு 0.8 ஆகிறது என்போம். 4 × 0.8 = 3.2. ஆயுசு ஒரு நாளும் கூடவில்லை. ஆனால் சுகமுள்ள வாழ்வு 0.8 ஆண்டு கூடியிருக்கிறது. இதற்கு 4 ஆண்டுகளில் 40,000 ரூபாய் செலவானால், சுகமான ஓர் ஆண்டைக் கூட்ட 50,000 ரூபாய் ஆகிறது.

சுகாதாரப் பொருளாதாரம் என்பது இதைப் போன்ற ஒப்பீடுதான். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் வில்லியம்ஸ் 1985இல் இருதய அறுவை சிகிச்சைக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். நம் நாட்டில் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை 2017இல் இதற்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. சுகமான ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவை, நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஒருவர் பங்குக்கு வரும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அந்தத் தொகை இப்போது 2 லட்சம் ரூபாய்க்கு மேல். அப்படிப் பார்த்தால், நம் உதாரணத்தில் பைகளுக்குக் கொடுத்த பணம் நல்ல பலன் தந்த பணம்.

செலவு என்றால் ஆஸ்பத்திரி பில் மட்டும் அல்ல. மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவைக்கு முன் கதிர்வீச்சு கொடுப்பதுண்டு. ஒரு முறையில் அது 5 வாரங்கள் அல்லது அதற்குச் சற்று அதிகமாக நீடிக்கும். வாரத்தில் 5 நாள் வர வேண்டும். இன்னொரு முறையில் 5 நாட்களிலேயே முடிந்துவிடும். யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். ஆனால் புளியஞ்சோலையிலிருந்து துறையூர், அங்கிருந்து திருச்சி என்று பஸ் மாறி வருகிறவருக்கு 5 நாளும் 5 வாரமும் ஒன்றாகுமா? துணைக்கு வரும் மகன் இழக்கும் கூலியும், தங்கும் செலவும் கணக்கில் சேர வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்த எண்கள் சிகிச்சையின் பயனை அளக்கின்றன. மனிதனுக்கு விலை போடவில்லை. 0.6 என்ற நிலையில் இருப்பவர் நம்மில் ஒருவரைவிடக் குறைந்தவர் அல்ல. அவருக்கு இன்னும் செய்ய வேண்டியது இருக்கிறது என்பதே அந்த எண்ணின் பொருள்.

அளவுகோல் தவறும் இடங்கள்

ஐந்து கேள்விகளில் குடலைப் பற்றியோ பையைப் பற்றியோ ஒரு வார்த்தையும் இல்லை. நடக்கிறார், குளிக்கிறார், வலி இல்லை. எனவே நல்ல மதிப்பெண் வந்துவிடும். கசிவு, வாயுச் சத்தம், புண்பட்ட தோல், கூச்சம், தாம்பத்தியச் சிரமம் ஆகியவை விடுபட்டுப்போகும். இவற்றைக் கேட்பதற்கென்றே ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு தயாரித்த 29 கேள்விகள் உண்டு. எல்லாப் புற்றுநோய்களுக்கும் பொதுவான அதன் 30 கேள்விகளோடு சேர்த்து இவற்றைக் கேட்கிறார்கள். பொதுவான 30இல் பணக் கஷ்டத்தைப் பற்றிய கேள்வியும் இருக்கிறது. அந்த 30 கேள்விகள் தமிழிலும் உண்டு.

கேட்கும் விதமும் முக்கியம். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு, உள்ளபடியே நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும். மகனையும் மருமகளையும் சற்று வெளியே இருக்கச் சொல்ல வேண்டும். அறுவை செய்த டாக்டரே கேட்காமல் வேறொருவர் கேட்பது நல்லது. “உங்கள் பதிலால் உங்கள் சிகிச்சை குறையாது” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரே தரம் கேட்டாலும் போதாது. அறுவைக்கு முன்பும், சில மாதங்கள் கழித்தும், ஓராண்டு கழித்தும் கேட்க வேண்டும். வராமல் போனவர்களைத் தேடியும் போக வேண்டும். பஸ் ஏறி வர முடிந்தவர்களை மாத்திரம் கேட்டால், மிகவும் தளர்ந்தவர்கள் கணக்கிலிருந்தே மறைந்துபோவார்கள்.

மலையில் வளர்ந்த மருத்துவர்

1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், புளியஞ்சோலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் இந்தக் கொல்லிமலையில்தான் சிறுவயதில் வளர்ந்தார். அவருடைய பெற்றோர் மலையில் ஊழியம் செய்தவர்கள். தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் காய்ச்சலால் மரித்தார். பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தும் முறையை வளர்த்தார்.

அறுவை வெற்றி பெற்றது, விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். கை நன்றாகிவிட்டதால் யாரும் பிச்சை போடுவதில்லை. தொழுநோயாளி என்பதால் யாரும் வேலையும் கொடுப்பதில்லை. அந்தக் குறையை அவர் நன்றிகேடாக எண்ணவில்லை. அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார். தொழில் கற்றுக்கொடுக்கும் நவஜீவ நிலையம் வேலூரில் எழுந்தது. அப்போது ஈக்யூ-5டி இல்லை. நோயாளி சொன்ன குறையே அவருக்கு அளவுகோலாயிற்று.

நாம் செய்யக்கூடியது

அறுவை சிகிச்சைக்குக் கொடுக்க மனமுள்ளவர்கள் அநேகர். பைக்கும், தோல் மருந்துக்கும், வீடு தேடிச் செல்லும் ஊழியரின் பஸ் செலவுக்கும் கொடுப்பவர்கள் சிலரே. அறிக்கையில் வைக்க அவற்றுக்குப் புகைப்படம் இல்லை. ஆனால் பெரியவர் பந்தியில் உட்காருவதும் உட்காராததும் அவற்றால்தான் தீர்மானமாகிறது.

ஆகவே, நீங்கள் தாங்கும் ஆஸ்பத்திரி எதுவானாலும், “எத்தனை பேர்?” என்று கேட்டபின் இன்னொன்றையும் கேளுங்கள்: “அவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?” அந்தக் கேள்வியால் ஊழியர்கள் வருத்தப்பட மாட்டார்கள். அவர்கள் வேலையை அது நேராக்கும்.

குழுவாகச் சிந்திக்க

1. நம் சபையில் நீண்டகால வியாதியோடு இருப்பவர், “நல்லா இருக்கேன்” என்பதற்கு அப்பால் எதையும் சொல்ல நாம் இடம் கொடுக்கிறோமா?

2. வயிற்றில் பையுள்ள ஒருவர் ஆராதனைக்கு வந்தால், கூச்சமின்றி எழுந்து செல்லத்தக்க இடமும், தண்ணீர் வசதியுள்ள கழிப்பறையும் நம் ஆலயத்தில் உண்டா?

3. நம் காணிக்கையில் ஒரு பங்கை, அறுவைக்குப் பின் வரும் மாதங்களுக்கென்று ஒதுக்க முடியுமா?