டூர் பைக்குக்கு எந்தப் பெட்ரோல்?

வால்பாறைக்கோ லடாக்குக்கோ கிளம்பும் அன்று பங்க்கில் வரும் கேள்வி: "நார்மலா, பவரா ண்ணா?" பெரிய பயணமாச்சே, நல்லதாகவே போடுவோம் என்று தோன்றும். அதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள்.

ஆக்டேன் எண் கூடினால் வேகம் கூடாது. பிளக்கில் கிளம்பிய தீ வந்து சேருமுன், அழுத்தத்திலும் சூட்டிலும் பெட்ரோல் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

முதலில் வண்டியோடு வந்த மேனுவலைத் திறங்கள். 91 போதும் என்றிருந்தால் போதும்; 95 கேட்டிருந்தால் 95 போடுங்கள். கம்ப்ரஷன் விகிதத்தையும் பாருங்கள். பழைய ஹிமாலயன் 411-க்கு 9.5:1, ஹிமாலயன் 450-க்கு 11.5:1, டோமினார் 400-க்கு 12:1. விகிதம் ஏற ஏற, தாங்கும் பெட்ரோல் தேவைப்படும். அமெரிக்கர்கள் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கணக்கு வேறு. அங்கே 87 என்பது ஏறக்குறைய நம் 91.

அடுத்து, பங்க்கில் பெயரைப் பார்க்காமல் எண்ணைக் கேளுங்கள். பிரீமியம் என்று விற்பதில் சில, இன்ஜினைச் சுத்தம் செய்யும் மருந்து கலந்தவை மட்டுமே. பிஎஸ்-6 விதிப்படி சாதாரணப் பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91. 20 சதவீத எத்தனால் கலப்பால் அதுவே 95-க்கு உயர்ந்திருக்கிறது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025-ல் தெரிவித்தது. அதனால் 95-க்குக் கூடுதல் காசு கொடுப்பதற்கான காரணம் முன்பைவிடக் குறைந்துவிட்டது என்பது என் கருத்து.

இனிதான் முக்கியமான வேலை: இன்ஜினைக் கேட்பது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் இதற்கு நல்ல இடம். பின்னால் ஆள், இருபுறமும் பை, மத்தியான வெயில். வளைவு முடிந்து மூன்றாவது கியரிலேயே த்ராட்டிலை முறுக்கும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டியதுபோல் டாங்க்குக்குக் கீழே கிலுகிலுவென்று கேட்கிறதா? அதுதான் நாக்கிங். உடனே ஒரு கியர் இறக்குங்கள். இறக்கியதும் சத்தம் நின்றால், தவறு பெட்ரோலில் இல்லை, நாம் ஓட்டிய விதத்தில். சரியான கியரிலும் தொடர்ந்தால் அடுத்த முறை 95 போட்டு, அதே சுமையோடு அதே மேட்டில் ஏறிப் பாருங்கள்.

மைலேஜ் கூடுகிறதா என்று அறிய ஒரு டாங்க் போதாது. இரண்டு வகையிலும் மும்மூன்று முறை, வண்டியை நேராக நிறுத்தி, ஒரே மட்டத்துக்கு நிரப்பிக் கணக்கெழுதுங்கள். லிட்டருக்கு 8 ரூபாய் அதிகம் என்றால் 15 லிட்டர் டாங்க்குக்கு 120 ரூபாய். அந்தக் காசுக்குக் கிலோமீட்டர் கிடைத்ததா என்று நோட்டே சொல்லிவிடும்.

ஒதுக்குப்புற ஊர்களில் பிரீமியம் மெதுவாகத்தான் விற்கும். அங்கே பைக்கும் காரும் வரிசை கட்டும் பங்க்கில் புதிதாக இறங்கிய சாதாரணப் பெட்ரோலே மேல். லடாக் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, நாக்கிங்கும் குறையும். பிரீமியம் கிடைக்கவில்லையே என்று கலங்க வேண்டாம்.

95-லும் சத்தம் போகவில்லையா? 100-ஐத் தேடி ஓடாதீர்கள். உள்ளே படிந்த கரி, பொருந்தாத பிளக், குறைந்த கூலன்ட் என்று வேறு காரணம் இருக்கும். மெக்கானிக்கிடம் வண்டியை ஸ்டாண்டில் போட்டு முறுக்கிக் காட்டினால் அந்தச் சத்தம் வராது. அவரைப் பின்னால் உட்காரவைத்து ஒரு மேட்டில் ஏற்றிக் காட்டுங்கள்.