பாவித்த ஸ்போர்ட்ஸ் கார்: மறைந்திருக்கும் குறைக்கு யார் பொறுப்பு?



மாத்தளையில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கும் நமக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆசைப்பட்டுத் தேடி வாங்குபவர்கள் ஒருபுறம் இருக்க, வராத பாக்கிக்குப் பதிலாக இப்படியொரு வாகனத்தை ஏற்றுக்கொள்பவர்களும், மகனின் தொல்லை தாங்காமல் வாங்கிக் கொடுப்பவர்களும் நம்மிடையே இருக்கவே செய்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் ஆரம்பமானது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களே கைமாறிக் கைமாறி விலையேறின. உதிரிப்பாகத் தொழிலில் இருப்பவன் என்பதால், "காக்கா, இதை எடுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருபவர்கள் அதிகம். அப்படிக் கேட்கப்படும் கார்களில் ஒன்றான மஸ்தா ஆர்.எக்ஸ் 8 ஐ இன்றைய பாடத்திற்கு எடுத்துக்கொள்வோம்.

2003 முதல் 2012 வரை ஜப்பானில் தயாரிக்கப்பட்ட கார் இது. பதிவுப் புத்தகத்தில் 1308 சீ.சீ. என்றிருக்கும். சின்ன எஞ்சின்தானே, பெற்றோல் குறைவாகத்தான் போகும் என்று நினைத்து வாங்கியவர்களின் முறைப்பாடே எனக்கு முதலில் வருவது. இதில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவான இரண்டு ரோட்டர்கள் சுழன்றே எஞ்சின் இயங்குகிறது. சாதாரண எஞ்சினின் சீ.சீ. கணக்கு இதற்குப் பொருந்தாது. ஜப்பானிலேயே வாகன வரிக்காக ரோட்டரி எஞ்சினின் கொள்ளளவை ஒன்றரையால் பெருக்குகிறார்கள். அதன்படி இது ஏறத்தாழ 1960 சீ.சீ. கார்.

ரோட்டரின் மூன்று முனைகளிலும் சீல்கள் உண்டு. அவை தேய்ந்தால் கம்ப்ரஷன் குறையும். அந்தச் சீல்களை வழுக்க வைப்பதற்காகவே எஞ்சின் தானாகக் கொஞ்சம் ஒயிலை உள்ளே அனுப்பி எரிக்கிறது. ஆகவே ஒயில் குறைவது இந்தக் காரில் பழுதல்ல; குறைந்த ஒயிலை அடிக்கடி பார்த்து ஊற்றாமல் விடுவதுதான் பழுது. ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை சேர்விஸ் போட்டால் போதும் என்று பழகிய நம்மவர்கள் கையில் பல எஞ்சின்கள் பாழாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதாரணக் காரைப் பார்க்கப் போகும்போது, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்வார்கள். இந்தக் காருக்கு அது போதாது. சீல் தேய்ந்த ரோட்டரி எஞ்சின் குளிரில் ஸ்டார்ட் ஆகிவிடும். சூடேறிய பிறகு அணைத்தால்தான் மறுபடி எழும்ப மறுக்கும். விற்பவர் கராஜிலிருந்து அழகாக எடுத்துவந்து காட்டுவார், நாமும் திருப்தியோடு திரும்பிவிடுவோம். நான் சொல்வது, நாவுல வரை போய் வாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பின் அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். இழுத்து இழுத்து எழும்பினால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேலே கம்ப்ரஷன் சோதனை இருக்கிறது. சாதாரண மீற்றர் இதற்கு உதவாது. ஒரு ரோட்டருக்கு மூன்று அறைகள் என்பதால் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி மீற்றர் வேண்டும். மஸ்தாவின் கணக்குப்படி, நிமிடத்திற்கு 250 சுற்றில், புதிய எஞ்சின் சதுர சென்ரிமீற்றருக்கு 8.5 கிலோ காட்டும், 6.9 க்குக் கீழே போனால் எஞ்சின் முடிந்தது என்று அர்த்தம். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையான கார்களின் எஞ்சினுக்கு மஸ்தா நிறுவனமே உத்தரவாதத்தை 8 வருடம் அல்லது ஒரு இலட்சம் மைல் என நீடித்தது. தயாரித்தவருக்கே தெரிந்த பலவீனம் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

இதுவரை சொன்னது பணத்தோடு போகும் நட்டம். இனி வருவது உயிரோடு சம்பந்தப்பட்டது.

டக்காட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் எயார் பேக்குகள் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றை ஊதச் செய்யும் அமோனியம் நைத்திரேற்று, வருடக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டுக் கெட்டுப்போகிறது. பிறகு சிறு மோதலில் எயார் பேக் விரியும்போது அதன் உலோகக் கூடு வெடித்து, துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. அமெரிக்காவில் மட்டும் இருபதுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். நம்மைப் போன்ற காலநிலையுள்ள மலேசியாவிலும் ஹொண்டா கார்களில் பலர் மரணித்தார்கள். உலகம் முழுவதும் சுமார் பத்துக் கோடி எயார் பேக்குகள் திருப்பி அழைக்கப்பட்டன. அந்த நிறுவனம் 2017 ஜூனில் வங்குரோத்தானது. ஆர்.எக்ஸ் 8 அந்தப் பட்டியலில் உள்ள கார். ரீகண்டிஷன் காராக வந்து நாலு பேரிடம் கைமாறிய வாகனத்தின் இன்றைய உரிமையாளரைத் தேடிக் கடிதம் வராது. செசி இலக்கத்தைக் கொடுத்து முகவர் நிறுவனத்திடம் நாம்தான் கேட்க வேண்டும்.

சாவியைத் திருப்பியதும் எயார் பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்திருக்கிறார் என்று சந்தேகியுங்கள். விபத்துக்குப் பின் எயார் பேக் போடாமல் மேல்மூடியை மட்டும் ஒட்டிவிட்ட கார்களை நான் கண்டிருக்கிறேன்.

முன் சில்லுகளைத் தாங்கும் கீழ்க்கையின் போல் ஜொயின்ட், எரிபொருள் பம்பின் சீல் ஆகியவற்றுக்காகவும் அமெரிக்காவில் இந்தக் கார் திருப்பி அழைக்கப்பட்டது. போல் ஜொயின்ட் கழன்றால் ஸ்டியரிங் கையை விட்டுப் போகும். றத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் வளைவுகளில் அது நடந்தால் என்னாகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கையில் பவர் ஸ்டியரிங் திடீரென்று இறுகிவிடுவதும் உரிமையாளர்கள் சொல்லும் குறையே. கொயில் பழுதானால் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், அங்குள்ள கன்வேர்ட்டரைச் செந்தணலாக்கிவிடும். பின்கதவுகளோ முன்கதவைத் திறக்காமல் திறக்காது. பின்னால் குழந்தைகளை ஏற்றுபவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தலைப்பிலுள்ள கேள்விக்கு வருகிறேன். நமது பகுதிப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் இப்படியொரு காரின் பிணக்கு வந்தபோது, தொழில் தெரிந்தவன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். "இருந்த நிலையில் விற்றேன், அவர் பார்த்துத்தானே வாங்கினார்" என்பது விற்றவரின் வாதம். ஆனால் எஞ்சின் பலவீனம் என்று தன் பாஸ் முன்பே சொல்லியிருந்ததை விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். வாங்கியவரோ குறை தெரிந்த பின்னரும் மூன்று வாரம் அதே காரில் சுற்றியிருந்தார்.

அங்கிருந்த ஆலிம் ஷாபிஈ மத்ஹபின் சட்டத்தை விளக்கினார். குறைக்குப் பொறுப்பில்லை என்று நிபந்தனை போட்டு விற்பது, உயிருள்ள பிராணியில் விற்பவருக்கே தெரியாத உள் குறைக்கு மட்டுமே செல்லும். கார் பிராணியுமல்ல, குறை அவருக்குத் தெரியாததுமல்ல. ஆகவே அந்த வாதம் நிற்கவில்லை. மறுபுறம், குறை தெரிந்ததும் தாமதமின்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். தெரிந்த பின்னும் பாவித்தால் அந்த உரிமை போய்விடும். ஆகவே வாங்கியவரின் கோரிக்கையும் நிற்கவில்லை! கடைசியில், மறைத்த பாவத்தை நினைத்து விற்றவர், எஞ்சின் திருத்தும் செலவில் பாதியைக் கொடுக்க இணங்கினார். சமாதானமாக முடிந்தது.

ஆலிம் இன்னொன்றும் சொன்னார். குறையைச் சொல்லும் கடமை விற்பவரோடு நிற்பதில்லை; அதை அறிந்த மூன்றாமவருக்கும் அது உண்டு. அப்படியானால் புரோக்கரும் பாஸும் தப்ப முடியாது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நமக்குத் தெரியாததல்ல. மூட்டையின் நடுவில் ஈர மிளகு வந்தால் நாம் என்ன சத்தம் போடுகிறோம்!

ஆகவே விற்கும்போது தெரிந்த குறைகளைத் தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். வாங்கும்போது, சூடான எஞ்சினின் சோதனையும் கம்ப்ரஷன் அறிக்கையும் கிடைக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சோதனைச் செலவு வாங்குபவருடையதாகவே இருக்கட்டும். எஞ்சின் திருத்தும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. லீசிங் பாக்கியுள்ள காரைக் கடனுக்குப் பதிலாக ஏற்பது தனிப் பாடம். இன்ஷா அல்லாஹ் அதை இன்னொரு வாரம் பார்ப்போம்.